மடிக்கணினித் திரையில் பழுது எங்கே இருக்கிறது? பேனல் மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மடிக்கணினியின் திரை கறுத்துப் போனாலும், அதில் கோடு விழுந்தாலும், கண்ணாடி விரிசல் விட்டாலும், கடையில் போய் நின்றதும் "டிஸ்ப்ளே போய்விட்டது" என்றுதான் சொல்கிறோம். இவை மூன்றும் ஒரே பழுது அல்ல. கறுத்த திரை ஒரு விசையை அழுத்தியதும் உயிர் பெறலாம். கணினியின் முதன்மைச் சுற்றுப் பலகையான மதர்போர்டு வரை போகும் கோளாறாகவும் இருக்கலாம். கோடு, நைந்துபோன கேபிளால் வரலாம், படம் தெரியும் திரைத் தகடான பேனலுக்குள்ளிருந்தும் வரலாம். விரிசல் விட்ட கண்ணாடிக்கு மட்டும்தான், பேனலை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியும். பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமலேயே புதிய பேனலுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதன் பிறகும் திரை வராமல் திகைத்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அந்த இழப்பைத் தவிர்ப்பதற்கானது.

பழுதின் இடத்தைக் கண்டறிவதற்குப் பெரும்பாலும் எந்தக் கருவியும் தேவைப்படுவதில்லை. ஒரு டார்ச் விளக்கு, ஒரு எச்டிஎம்ஐ கேபிள், வீட்டிலுள்ள தொலைக்காட்சி, சிறிது பொறுமை ஆகியவை போதும். சேலத்தை அடுத்த கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகத்திலோ அரசு பொறியியல் கல்லூரியிலோ படிக்கும் மாணவர், நகருக்குள் ஏதாவதொரு கடைக்கு எளிதில் போய்விடலாம். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக் கணக்கைப் பார்ப்பவர் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்க வேண்டும். வீட்டிலேயே தீரக்கூடிய பழுதுக்காக ஒரு நாளைச் செலவிட்டு மலை இறங்குவது வீண் என்பதால், அவருக்கு இந்தச் சோதனைகள் இன்னும் அதிகமாகப் பயன்படும்.

திரைக்குள் இருப்பவை

இன்றைய மடிக்கணினிகளில் மிகுதியாக இருப்பது எல்சிடி வகைத் திரை. அதில் ஒளியைத் தருவது ஒரு பகுதி, படத்தை உருவாக்குவது வேறொரு பகுதி என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். திரையின் அடி விளிம்பில் வரிசையாகப் பதிக்கப்பட்ட மிகச் சிறிய எல்இடி விளக்குகளின் ஒளி, பின்னாலுள்ள தெளிவான பிளாஸ்டிக் பலகை ஒன்றினுள் பாய்ந்து, அதன் மேலுள்ள மெல்லிய தாள்களால் திரை முழுவதும் சீராகப் பரப்பப்படுகிறது. இதையே பேக்லைட் என்கிறோம். இதற்கு முன்னால், இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகம் என்னும் பொருள் மிக மெல்லிய படலமாக அடைக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடியின் இரு புறமும், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் தாள்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. மின்னழுத்தம் மாறும்போது படிக மூலக்கூறுகள் திரும்பி, ஒவ்வொரு புள்ளியின் வழியாகவும் எவ்வளவு ஒளி வெளியே வரலாம் என்பதை முடிவு செய்கின்றன. ஆகவே படம் சரியாக உருவாகிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் ஒளி இல்லாத காரணத்தால் திரை கறுப்பாகத் தெரியக்கூடும்.

திரவப் படிகம் என்ற இந்த விந்தைப் பொருளை 1888-இல் முதலில் கவனித்தவர் ஆஸ்திரியத் தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர். கொலஸ்ட்ராலிலிருந்து பெற்ற ஒரு சேர்மத்தைச் சூடேற்றியபோது அது 145.5 டிகிரி செல்சியசில் உருகிக் கலங்கலான திரவமாகவும், 178.5 டிகிரியில் தெளிந்த திரவமாகவும் மாறியதை அவர் கண்டார். கலங்கலாக இருந்த அந்த இடைநிலைதான் திரவப் படிக நிலை. வெப்பம் கூடினால் இந்த நிலை கலைந்துவிடும் என்பது இன்றைய திரைகளுக்கும் பொருந்தும். சேலத்துக் கோடை வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் விட்டு வைத்த மடிக்கணினியின் திரை, திறந்ததும் கறை படிந்ததுபோல் இருண்டு தெரிந்தால், உடனே பழுது என்று முடிவு கட்டாமல், அணைத்து நிழலில் ஆறவைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் படிகம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

சாதாரண எச்டி திரை 1366-க்கு 768 என்ற கணக்கில் 10,49,088 புள்ளிகளைக் கொண்டது. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று உட்புள்ளிகளால் ஆனதால், மொத்த உட்புள்ளிகள் 31,47,264. முழு எச்டி திரையில் இந்த எண்ணிக்கை 62,20,800. ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியின் மேலேயே உருவாக்கப்பட்ட ஒரு நுண்ணிய டிரான்சிஸ்டர் உண்டு. இத்தனை இலட்சம் டிரான்சிஸ்டர்களுக்கும் தனித்தனிக் கம்பி இழுக்க இயலாது. எனவே மேலிருந்து கீழாகச் செல்லும் நுண்தடங்களும் இடமிருந்து வலமாகச் செல்லும் நுண்தடங்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்படி அமைத்து, வெட்டும் இடத்தில் ஒரு உட்புள்ளியை வைத்திருக்கிறார்கள். சேலத்தின் நெசவுப் பகுதிகளான அம்மாபேட்டையிலோ குகையிலோ தறியில் பாவும் ஊடையும் சேர்வதைப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் துணியின் நீளம் முழுவதும் அந்தக் குறை ஓடுவதைப் போலவே, மேலிருந்து கீழாகச் செல்லும் ஒரு தடம் செயலிழந்தால் திரையின் உச்சி முதல் அடி வரை ஒரே கோடு தோன்றுகிறது. கோடு ஏன் எப்போதும் இவ்வளவு நேராக இருக்கிறது, ஏன் சில நேரம் பச்சையாக மட்டுமோ சிவப்பாக மட்டுமோ இருக்கிறது என்பதற்கெல்லாம் இந்த அமைப்புதான் காரணம்.

இந்தத் தடங்களுக்கு மின்குறிகளை அனுப்புபவை திரையின் விளிம்பிலுள்ள டிரைவர் சிப்புகள். இவை காகிதம் போன்ற மெல்லிய பட்டைகளின் மேல் அமர்ந்திருக்கின்றன. பட்டையின் ஒரு முனை கண்ணாடியோடும், மறுமுனை பேனலின் அடியிலுள்ள நீண்ட ஒல்லியான சிறு போர்டோடும் இணைந்திருக்கும். அந்தச் சிறு போர்டுக்குப் படத்தைக் கொண்டு வருவது டிஸ்ப்ளே கேபிள். மதர்போர்டிலுள்ள, படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் சிப்பில் தொடங்கி, கீல் வழியாக மூடிக்குள் ஏறி, பேனலின் பின்புறத்தை அடையும் இந்தக் கேபிளிலேயே பேக்லைட்டுக்கான மின்சாரமும் வருகிறது. ஆகப் படம் நம் கண்ணை அடைவதற்கு கிராபிக்ஸ் சிப், கேபிள், பேனல், பேக்லைட் ஆகிய நான்கும் ஒழுங்காக இயங்க வேண்டும். நான்கில் எது நின்றுபோயிற்று என்று கேட்டுக்கொண்டே போவதுதான் பழுதறியும் முறை.

சோதனைகள், ஒன்றன் பின் ஒன்றாக

முதலில் கணினி இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பவர் பொத்தானை அழுத்தியதும் மின்விசிறி சுற்றுகிறதா, சற்று நேரம் கழித்து கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் அதன் சிறு விளக்கு எரிந்து அணைகிறதா, விண்டோஸ் தொடங்கும் ஓசை கேட்கிறதா என்று கவனித்தால் போதும். கேப்ஸ் லாக் விளக்கு மாறவே இல்லையென்றால், கணினி தொடங்கும் நிலையிலேயே நின்றுவிட்டது என்று கருதலாம். அப்போது குற்றம் தற்காலிக நினைவகமான ராமிலோ மின்வழங்கலிலோ போர்டிலோ இருக்கும், திரையில் அல்ல. அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடிகள் அழுத்திப் பிடித்து, பிறகு அடாப்டரை மட்டும் செருகி இயக்கிப் பாருங்கள். எஞ்சியிருக்கும் மின்னேற்றம் வடிந்ததும் உயிர் பெறும் கணினிகள் உண்டு.

கணினி இயங்குகிறது, திரை மட்டும் இருட்டாக இருக்கிறது என்றால், வெளிச்சத்தைக் கூட்டும் விசையை அழுத்திப் பாருங்கள். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் மென்பொருள் புதிதாகத் தொடங்கும்; திரை ஒருமுறை மினுங்கி மீளும். வெளித் திரைக்கு மட்டும் படம் போகும்படி முன்பு அமைத்துவிட்டு மறந்திருந்தால், விண்டோஸ் விசையோடு பி (P) விசையை அழுத்தி அதை மாற்றலாம். இவற்றுக்குச் செலவில்லை, கடைக்குப் போகும் முன் இவற்றைச் செய்யாமல் விடக்கூடாது.

அடுத்தது டார்ச் சோதனை. அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, கைபேசியின் டார்ச் ஒளியைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்து, மெல்ல நகர்த்திப் பாருங்கள். கடவுச்சொல் கேட்கும் பெட்டியோ ஐகான்களோ மங்கலாகத் தென்பட்டால், கிராபிக்ஸ் சிப், படத்தைக் கொண்டு வரும் கம்பிகள், கண்ணாடி ஆகிய அனைத்தும் நலமாக இருக்கின்றன, பேக்லைட் மட்டுமே எரியவில்லை என்று பொருள். அது எரியாததற்குக் காரணம் எல்இடி பட்டையாக இருக்கலாம், கேபிளில் அதற்குரிய கம்பியாக இருக்கலாம், மதர்போர்டில் பேக்லைட்டுக்கு முன்னால் உள்ள மிகச் சிறிய பியூஸாகவும் இருக்கலாம். என் கருத்தில், திரைப் பழுதுக்கென்று உள்ள சோதனைகளில் இதைவிட மதிப்பு வாய்ந்தது இல்லை. அரை நிமிடத்தில் பழுதின் எல்லையைப் பாதியாகச் சுருக்கிவிடுகிறது.

பேக்லைட் அணைந்திருப்பதற்கு இன்னொரு எளிய காரணமும் உண்டு. மூடியை மூடினால் திரை அணைவதற்காக மூடியில் ஒரு காந்தமும், அடிப்பகுதியில் அதை உணரும் ஹால் சென்சாரும் வைத்திருக்கிறார்கள். காந்தப் பூட்டு உள்ள கைபேசி உறையோ, காந்தப் பட்டை உள்ள கைக்கடிகாரமோ, அடியில் அடுக்கி வைத்த இன்னொரு மடிக்கணினியோ அந்தச் சென்சாருக்கு அருகில் வந்தால், மூடி மூடப்பட்டுவிட்டதாக எண்ணிக் கணினி திரையை அணைத்துவிடும். தட்டச்சு செய்யும்போது மட்டும் திரை அணைந்து அணைந்து வருகிறது என்று சொல்பவர் முதலில் தம் மணிக்கட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவதாக, எச்டிஎம்ஐ கேபிளால் தொலைக்காட்சியோடு இணைத்துப் பாருங்கள். தொலைக்காட்சியில் படம் குறையின்றித் தெரிந்து, மடிக்கணினியின் திரையில் மட்டும் கோடோ இருட்டோ இருந்தால், குற்றம் கேபிளிலோ பேனலிலோ இருக்கிறது. இரண்டிலும் ஒரே மாதிரியான கோடுகளும் கட்டங்களும் தெரிந்தால் கிராபிக்ஸ் சிப்பை ஐயப்பட வேண்டும்; அப்போது பேனல் மாற்றுவதில் பயனே இல்லை. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. விளையாட்டுக்கென்று வரும் சில மடிக்கணினிகளில் இரண்டு கிராபிக்ஸ் சிப்புகள் உண்டு. எச்டிஎம்ஐ துளை ஒன்றோடும், உள்திரை மற்றொன்றோடும் இணைக்கப்பட்டிருக்கலாம். அத்தகைய கணினியில் வெளித்திரை நன்றாகத் தெரிவதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

கோடு அல்லது வண்ணக் குறை தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைக் கைபேசிக்கு அனுப்பிப் பார்ப்பது நல்ல உத்தி. ஸ்கிரீன்ஷாட் என்பது கணினியின் நினைவிலுள்ள படம். அது கேபிளையோ பேனலையோ தொடுவதில்லை. கைபேசியில் பார்க்கும்போதும் கோடு இருந்தால் குறை படம் உருவாகும் இடத்திலேயே இருக்கிறது. கோடு இல்லையென்றால் பார்வை கேபிள், பேனல் பக்கம் திரும்ப வேண்டும். கணினி தொடங்கும்போது, விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் போய் அங்கும் கோடு இருக்கிறதா என்று பார்த்தால், விண்டோஸ் மென்பொருளின் பங்கு உண்டா இல்லையா என்பதும் தெளிவாகிவிடும். டெல் நிறுவன மடிக்கணினிகள் பலவற்றில், டி (D) விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவர் பொத்தானை அழுத்தினால், பேனல் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு வெவ்வேறு வண்ணங்களைத் திரை முழுக்கக் காட்டும். அந்த வண்ணப் பரப்பிலும் கோடு இருந்தால் கிராபிக்ஸ் சிப்பின் மீது பழி சுமத்த வேண்டியதில்லை.

எஞ்சியிருப்பது கேபிளா பேனலா என்ற கேள்வி. கணினியை இயக்கி வைத்துக்கொண்டு மூடியை மிக மெதுவாக, பாதி மூடிய நிலை முதல் முழுவதும் திறந்த நிலை வரை நகர்த்துங்கள். ஏதாவதொரு கோணத்தில் படம் சரியாகி, வேறொரு கோணத்தில் நடுங்கினாலோ, வெளுத்துப் போனாலோ, அணைந்தாலோ கேபிள்தான் குற்றவாளி. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் கீலுக்குள் வளைந்து நிமிரும் கேபிளின் நுண்கம்பிகள் ஆண்டுக்கணக்கில் நைந்து அறுகின்றன. விலை உயர்ந்த கணினி என்பதால் இது வராமல் போவதில்லை. 2016-இல் வெளிவந்த 13 அங்குல மேக்புக் ப்ரோ கணினிகளில் திரையின் அடியில் வெளிச்சம் திட்டுத்திட்டாகத் தெரிவதும், பேக்லைட் முழுதாக அணைவதும் பரவலான பிறகு, ஆப்பிள் நிறுவனம் 2019 மே மாதத்தில் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் ஒன்றை அறிவிக்க நேர்ந்தது. மூடியை அசைத்தாலும் இம்மியும் மாறாமல் ஒரே இடத்தில் நிற்கும் கோடு, பேனலுக்குள்ளேயே இருக்கும் பழுது.

சில அறிகுறிகளைப் பார்த்த உடனேயே இனங்கண்டுவிடலாம். மை கொட்டியதுபோன்ற கறுப்புத் திட்டும், அதிலிருந்து கிளம்பும் கோடுகளும், மேல்பரப்பைத் தடவினால் வழவழப்பாகவே இருப்பதும், உள்கண்ணாடி உடைந்து படிகம் கசிந்ததன் அடையாளம். இந்தத் திட்டு நாளடைவில் பரவும். அழுத்தினால் விரைவாகப் பரவும். வெள்ளைப் பின்னணியில் மட்டும் பளிச்சென்று தெரியும் வட்டமான வெண்திட்டு, பையில் அழுத்தப்பட்டதால் பின்னாலுள்ள ஒளிபரப்பும் தாள்களில் ஏற்பட்ட வடு. வேலைக்கு இடையூறு இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுவதே சிக்கனம். எப்போதும் கறுப்பாகவே நிற்கும் ஒற்றைப் புள்ளி செத்த பிக்சல். எப்போதும் சிவப்பாகவோ பச்சையாகவோ எரியும் புள்ளி சில நேரம் தானாகவே சரியாகும். ஓஎல்இடி திரைகளில் பேக்லைட் கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. ஆகவே டார்ச் சோதனை அவற்றுக்குப் பொருந்தாது.

மலையில் இருப்பவர்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருக்கும் ஏற்காட்டில், பனிமூட்டம் சன்னல் வழியாக அறைக்குள்ளேயே வரும் நாட்கள் பல. ஈரம் பேனலின் விளிம்பு வழியாகத் தாள்களுக்கிடையே புகுந்தால் மேகம் படிந்ததுபோன்ற திட்டுகள் தோன்றும். குளிர்ந்து கிடந்த கணினியைச் சேலத்துக்குக் கொண்டுவந்து உடனே பையிலிருந்து எடுத்தால், கீழேயுள்ள ஈரக்காற்று அதன் மேலும் உள்ளும் பனித்துளியாகப் படியக்கூடும். பையைத் திறக்காமலேயே சிறிது நேரம் வைத்திருந்து, அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு இயக்குவதுதான் பாதுகாப்பு. இரவில் வெளிச்சத்தை நாடி வரும் மிகச் சிறிய பூச்சிகள் திரையின் தாள்களுக்கிடையே ஊர்ந்து செல்வதும் உண்டு. அதை விரலால் நசுக்கினால் அந்த இடத்திலேயே செத்து நிலையான கறுப்புப் புள்ளியாகிவிடும். கணினியை அணைத்துவிட்டு, விளிம்பின் அருகில் ஒரு சிறு விளக்கை எரியவிட்டால் அது தானாக வெளியேற வாய்ப்புண்டு.

பழுது நீக்குதல்

உடைந்த கண்ணாடியை ஒட்டவோ, கசிந்த படிகத்தை மீண்டும் நிரப்பவோ முடியாது. பேனலை முழுமையாக மாற்றுவதே தீர்வு. விளிம்பிலுள்ள டிரைவர் பட்டைகள் கண்ணாடியிலிருந்து விலகியதால் வரும் கோடுகளும் ஏறக்குறைய இதே வகைதான். அந்தப் பட்டைகள் சாதாரண ஈயப் பற்றால் ஒட்டப்பட்டவை அல்ல. நுண்ணிய கடத்தும் துகள்கள் கலந்த ஒட்டுப்படலத்தை வைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து இயந்திரத்தால் பொருத்தப்பட்டவை. பெரிய தொலைக்காட்சிப் பேனல்களுக்கு இந்த இயந்திர வேலையைச் செய்வோர் உண்டு. மடிக்கணினிப் பேனலுக்கு இது கட்டுபடியாகாது. விளிம்பை அழுத்தினால் கோடு மறைகிறது என்பதற்காக அங்கே காகிதத்தை மடித்துச் செருகுவது சில நாட்களுக்கு மட்டுமே நிற்கும்; அதை யாரும் பழுதுநீக்கமாக விற்கக்கூடாது.

புதிய பேனலைத் தேடும்போது கணினியின் மாடல் பெயரை மட்டும் சொல்வது போதாது. ஒரே மாடலுக்கு நிறுவனம் வெவ்வேறு பேனல்களைப் பொருத்தியிருக்கும். பழைய பேனலின் பின்புறமுள்ள லேபிளில் இருக்கும் எண்ணே நம்பத்தக்கது. அந்த எண்ணில் 156 என்று வந்தால் 15.6 அங்குலம், 140 என்று வந்தால் 14 அங்குலம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அளவு, புள்ளிகளின் எண்ணிக்கை, இணைப்பானில் 30 முனைகளா 40 முனைகளா என்பது, அது இடப்புறம் இருக்கிறதா வலப்புறமா என்பது, திருகு போடும் காதுகள் உண்டா இல்லையா என்பது ஆகிய எல்லாம் ஒத்துப்போக வேண்டும். எல்விடிஎஸ், இடிபி என்பவை பேனலுக்குப் படக்குறிகளை அனுப்பும் இரு வேறு முறைகள்; பழைய எல்விடிஎஸ் வகைக் கணினிக்கு இப்போதைய இடிபி வகைப் பேனல் பொருந்தாது. எச்டி திரை இருந்த இடத்தில் முழு எச்டி திரையைப் போட்டுத் தருவதாகச் சொன்னால், அதற்கேற்ற கேபிளும் மாற்றப்படுகிறதா என்று கேளுங்கள். சில கணினிகளில் பழைய கேபிளில் அதற்குரிய கம்பிகளே இருக்காது. கழற்றி எடுத்த பழைய பேனல்கள் புதியவை போலவே கைமாறுவதும் உண்டு என்பதால், எது தருகிறார்கள் என்பதைப் பில்லில் எழுதி வாங்குவது முறை.

மாற்றும் வேலையில் எல்லாவற்றுக்கும் முதலாவது, கணினியை அணைத்து, அடாப்டரைப் பிடுங்கி, அடிமூடியைத் திறந்து, பேட்டரியின் இணைப்பை போர்டிலிருந்து கழற்றுவது. இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அவசரத்தில் பலரும் விடுவது இந்தப் படியைத்தான். கணினி அணைந்திருந்தாலும் பேட்டரி இணைந்திருக்கும் வரை பேக்லைட் கம்பியில் மின்னழுத்தம் இருக்கக்கூடும். கேபிளைச் சற்றுக் கோணலாகச் செருகினாலோ பிடுங்கினாலோ, அந்த முனை பக்கத்து முனையைத் தொட்டு போர்டிலுள்ள பியூஸைப் போக்கிவிடும். சில நேரம் கிராபிக்ஸ் சிப்பையே சேதப்படுத்தும். அதன் பிறகு பேனலைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தின் திருகுகளை, அவற்றை மூடியிருக்கும் ரப்பர் வில்லைகளை அகற்றி, கழற்ற வேண்டும். சட்டத்தை நகத்தாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ உள்விளிம்பிலிருந்து கிளப்ப வேண்டும்; இரும்புத் திருப்புளியை நுழைத்தால் நலமாக இருக்கும் கண்ணாடியும் விரிசல் விடும். பேனலை உடனே தூக்கிவிடாமல், விசைப்பலகையின் மேல் துணியை விரித்து அதன் மேல் மெல்லக் கவிழ்த்து, இணைப்பானின் மேலுள்ள ஒட்டுத் தாளை உரித்து, கம்பி வளையம் இருந்தால் அதைத் தூக்கிவிட்டு, கேபிளைத் தன் போக்கிலேயே நேராக இழுத்து எடுக்க வேண்டும்.

அண்மைக் காலக் கணினிகளில் திருகுகளுக்குப் பதிலாக, இருபுறமும் நீளமான ஒட்டுப்பட்டை பேனலைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பட்டையின் நுனியைப் பிடித்து மெதுவாக நீட்டி இழுத்தால் அது பேனலை விட்டுவிடும், பேனலை நெம்பக்கூடாது. புதிய பேனலை இணைத்ததும், சட்டத்தைப் பூட்டுவதற்கு முன்பே பேட்டரியை இணைத்து ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும். கடையில் வேலை நடக்கிறதென்றால், "அண்ணா, பூட்டுவதற்கு முன்னால் ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள்" என்று கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். நல்ல வேலைக்காரர் நீங்கள் கேட்கும் முன்பே அதைச் செய்வார். தொடுதிரைக் கணினிகளில் முன்கண்ணாடியும் பேனலும் இடைவெளியின்றி ஒட்டப்பட்டிருப்பதால், அந்த வேலையை வீட்டில் முயலாமல் முழு மூடித் தொகுப்பாக மாற்றுவதே நல்லது.

கீலைப் பார்க்காமல் பேனலை மட்டும் மாற்றுவது இரண்டாவது உடைவுக்கு வழி வகுக்கும். கீலில் எண்ணெய் வற்றி இறுகும்போது, திருகுகளைத் தாங்கும் பித்தளைக் குமிழ்கள் பிளாஸ்டிக்கிலிருந்து பெயர்ந்து வருகின்றன. அதன் பிறகு மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த விசை கண்ணாடியின் மூலையிலேயே விழுகிறது. மூலையிலிருந்து தொடங்கிய விரிசல் என்றால் கீலின் மேல்தான் ஐயம் கொள்ள வேண்டும். பெயர்ந்த குமிழை எபாக்சி பசையால் உறுதியாகப் பதித்து, கீலின் இறுக்கத்தைத் தளர்த்திய பிறகே புதிய பேனலைப் பொருத்த வேண்டும். கேபிள் பழுதென்றால் அறுந்த நுண்கம்பியை ஒட்டவைப்பதைவிடப் புதிய கேபிளையே போடுவது மேல். அதன் விலை பேனலின் விலையில் சிறு பகுதிதான். பேக்லைட் பியூஸ் போயிருந்தால், அதே அளவுள்ள பியூஸை மாற்ற வேண்டுமே தவிர, கம்பியால் இணைத்துவிடுவதை அனுமதிக்கக்கூடாது. பியூஸ் போனதற்கான காரணம் பேனலில் இருந்தால், அடுத்து எரியப்போவது போர்டு.

உத்தரவாதக் காலத்திலுள்ள கணினியைத் திறக்கும் முன் அதன் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். விழுந்து உடைந்ததை உத்தரவாதம் பொதுவாக ஏற்காது. ஆனால் தானாக விழுந்த கோடு, எரியாத பேக்லைட் போன்றவற்றை ஏற்கும். மாறாக, 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெற்ற பழைய கணினி போன்றவற்றுக்குப் புதிய பேனல் வாங்குவதைவிட, எச்டிஎம்ஐ அல்லது விஜிஏ வழியாக ஒரு வெளித்திரையை இணைத்து மேசைக் கணினியாக வைத்துக்கொள்வதுதான் என் பரிந்துரை. உடைந்த திரையோடும் கணினி இயங்கும் என்பதால், எதைச் செய்யும் முன்னும் உள்ளே இருக்கும் கோப்புகளைத் தொலைக்காட்சியில் பார்த்தபடி வேறிடத்தில் படியெடுத்துவிடுங்கள்.

ஏற்காட்டிலிருந்து பேருந்தில் கொண்டு வருபவர்கள், விரிசல் விட்ட திரையின் மேல் மெல்லிய துணியை வைத்து மூடி, திரைப்பக்கம் ஓர் அட்டையை அணைத்து, பைக்குள் நிமிர்த்தி வைத்து, அந்தப் பையை மடியில் வைத்துக்கொள்வது நல்லது. சார்ஜரின் கனமான பகுதியோ சாப்பாட்டு டப்பாவோ மூடியை ஒட்டி இருக்கக்கூடாது. வளைவுகளில் பை சாயும்போது அந்தக் கனம் முழுவதும் கண்ணாடியின் மேல்தான் அழுந்தும். பழுதில்லாத கணினிக்கும் இதே கவனம் வேண்டும். விசைப்பலகையின் மேல் பேனாவோ இயர்போனோ இருக்க மூடியை மூடுவதும், ஒரு மூலையை மட்டும் பிடித்துத் திறப்பதும் நல்ல பேனல்களைப் பலிகொள்ளும் பழக்கங்கள். கேமராவின் மேல் ஒட்டும் தடித்த மூடிகூடத் திரையை உடைக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனம் 2020-இல் தன் பயனர்களை எச்சரித்தது. துடைக்கும்போது திரவத்தை நேரடியாகத் திரையின் மேல் தெளிக்காமல், மென்துணியில் சிறிது நனைத்துத் துடையுங்கள்; வழிந்து இறங்கும் துளி நேராகச் சேர்வது அடி விளிம்பிலுள்ள டிரைவர் சிப்புகளிடம்.

வேலை முடிந்த கணினியைக் கடையிலேயே ஐந்து நிமிடம் சோதியுங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒரே வண்ணத்தாலான படங்களை முழுத்திரையில் வைத்துப் புள்ளிகளைப் பாருங்கள். வெளிச்சத்தைக் குறைத்துக் கூட்டுங்கள். மூடியை மூடினால் உறங்குகிறதா, திறந்தால் விழிக்கிறதா என்று பாருங்கள். கேமராவும் மைக்கும் மூடியில்தான் இருக்கின்றன. பெரும்பாலான கணினிகளில் வைபை ஆன்டெனா கம்பிகளும் மூடிக்குள்தான் ஓடுகின்றன, பேனல் மாற்றும்போது அவை நசுங்கியிருந்தால் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியவரும். கழற்றிய பழைய பேனலைக் குப்பையில் போடாமல், மின்கழிவு சேகரிப்போரிடம் சேர்க்கச் சொல்லுங்கள். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை வந்த சில திரைகளில் எல்இடி-க்குப் பதிலாக மெல்லிய குழல்விளக்கு இருக்கும். அதற்குள் பாதரசம் உண்டு என்பதால், உடைந்த குழலைக் கையால் தொடக்கூடாது, குழந்தைகள் எடுக்கும் இடத்தில் வைக்கவும் கூடாது.